வீட்டு ரெக்கார்டரை வெளியூரிலிருந்து பார்க்க எந்த வாசல்?

சிங்கப்பூரில் சிலேத்தார் ஹில்ஸ் பக்கம் அண்ணனுக்கு ஒரு தரைவீடு. வாசலில் ஒன்று, கார் நிற்கும் இடத்தில் ஒன்று, பின்புறம் இரண்டு என நான்கு கேமராக்கள். மாடிப்படிக்கு அடியில் எட்டுச் சேனல் ரெக்கார்டர். 2017இல் பொருத்தியது. பொருத்த வந்தவர் ரூட்டருக்குள் போய் மூன்று போர்ட்டுகளை (வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு எண் போட்ட வாசல்கள்) திறந்தார், அண்ணனின் கைப்பேசியில் படத்தைக் காட்டினார், பணத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதற்கப்புறம் அந்தப் பெட்டியை யாரும் தொடவில்லை.

அண்மையில் இணையச் சேவையை மாற்றியபோது ரூட்டரும் மாறியது. கைப்பேசியில் படம் நின்றுபோனது. டிசம்பர் விடுமுறைக்கு எல்லோரும் தஞ்சாவூரில் இருபத்தாறு நாள் தங்கப் போகிறார்கள். "பழையபடி அந்தப் போர்ட்டைத் திறந்து விட்டுடு, போதும்" என்றார் அண்ணன்.

செய்திருப்பேன். ஆனால் போன கையோடு ரெக்கார்டரின் பதிவுக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்துவிட்டேன். பழைய ரூட்டர் இருந்தவரை, முன்பின் தெரியாத முகவரிகளிலிருந்து 'அட்மின்' என்ற பெயரில் நுழையப் பார்த்துத் தோற்ற முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இரவு பகல் பேதமில்லை. யாரும் உள்ளே வந்ததாகக் குறிப்பு இல்லை. வந்தவன் குறிப்பை விட்டுவைத்துப் போவானா என்று அண்ணி கேட்டார். நல்ல கேள்விதான்.

ஆக, திறப்பதற்கு முன்னால் வேறு என்ன வழிகள் இருக்கின்றன என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து பார்த்தோம்.

முதலில் ஒரு சோதனை. ரூட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வான் ஐபி' (WAN IP, ரூட்டரின் வெளிப்பக்க இணைய முகவரி) என்று ஒரு முகவரி தெரியும். அதே நேரத்தில் உலாவியில் 'என் ஐபி என்ன' என்று தேடினால் ஒரு முகவரி வரும். இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்கள் வீட்டுக்கென்று ஒரு பொது முகவரி இருக்கிறது. வேறு வேறாக இருந்து, ரூட்டரில் இருப்பது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கினால், சேவை நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறது என்று அர்த்தம். சிஜிநாட் என்பார்கள். ஆசிய பசிபிக் வட்டாரத்தின் பழைய வகை ஐபி (ஐபிவி4) முகவரிக் கையிருப்பு 2011 ஏப்ரலிலேயே கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. பின்னால் வந்தவர்களுக்குப் பந்தியில் இலை இல்லை. ஒரே இலையில் பலர் சாப்பிட வேண்டியதுதான்.

அப்படிப்பட்ட இணைப்பில் உங்கள் ரூட்டரில் எத்தனை போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து எதுவும் வந்து சேராது. செங்காங்கில் என் வீடு அந்த ரகம். நண்பர் ஒருவர் இது தெரியாமல் இரண்டு வார இறுதிகளை ரூட்டர் அமைப்பிலேயே தொலைத்தார். சில நிறுவனங்கள் கூடுதல் கட்டணத்துக்கு நிலையான பொது முகவரி தருகின்றன. வேறு காரணம் இல்லாமல் கேமராவுக்காக மட்டும் அதை வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நிறுவனம் கொடுத்த பெட்டியே ரூட்டராக இருக்க, அதன் பின்னால் நாம் கடையில் வாங்கிய ரூட்டரையும் மாட்டியிருப்போம். வான் முகவரி 192.168 என்று தொடங்கினால் இதுதான் நிலைமை. இரண்டு பெட்டியிலும் போர்ட் திறக்க வேண்டும், அல்லது முதல் பெட்டியை, இணைப்பை மட்டும் கடத்திவிடும் பிரிட்ஜ் முறைக்கு மாற்ற வேண்டும்.

அண்ணன் வீட்டில் இரண்டு எண்களும் ஒன்றாகவே இருந்தன. அதாவது எல்லா வழிகளும் திறந்திருந்தன.

போர்ட் ஃபார்வர்டிங்

ரூட்டரின் போர்ட்டைத் திறந்து ரெக்கார்டருக்குத் திருப்பிவிடுவது, அண்ணன் கேட்டது இதைத்தான். செய்வது கடினமே இல்லை. ரெக்கார்டருக்கு ரூட்டரில் ஒரு நிலையான உள்முகவரியை ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் முகவரி மாறி, திறந்த போர்ட் வீட்டுப் பிரிண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அப்புறம் வெளிப் போர்ட், உள் போர்ட், உள்முகவரி மூன்றையும் நிரப்பிச் சேமிக்க வேண்டும். ஹிக்விஷன் ரெக்கார்டர்களில் வழக்கமாக 80, 8000, 554. டாஹுவாவில் 37777. பொது முகவரி அவ்வப்போது மாறும் என்பதால், மாறினாலும் வீட்டைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் டிடிஎன்எஸ் பெயர் ஒன்றும் வேண்டும். பல ரூட்டர்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. சோதிக்கும்போது கைப்பேசியின் வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் பாருங்கள். வீட்டு வைஃபையிலிருந்தே வெளி முகவரியைத் தட்டினால் சில ரூட்டர்கள் திருப்பி அனுப்பாது. எல்லாம் சரியாக இருந்தும் தவறென்று நினைத்துக் குழம்புவீர்கள்.

இதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். நடுவில் யாருமில்லை. படம் நேராக வீட்டிலிருந்து உங்கள் கைக்கு வருகிறது. தயாரிப்பாளரின் சர்வர் படுத்தாலும், அந்த நிறுவனமே கடையை மூடினாலும் உங்களுக்குக் கவலையில்லை. கணினி உலாவியிலும் பார்க்கலாம். நம்மூர் ஃபைபரில் வெளியே அனுப்பும் வேகமும் தாராளம், நான்கு கேமராவின் முழுத் தெளிவுப் படமும் தடங்கலின்றிப் போகும்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கதவு உங்களுக்கு மட்டும் திறப்பதில்லை. உலகத்துக்கே திறக்கிறது. உள்ளே நிற்கும் காவல்காரர் 2017இல் எழுதப்பட்ட மென்பொருள். 2021 செப்டம்பரில் ஹிக்விஷன் கருவிகளில் வெளியான பாதுகாப்பு ஓட்டை, ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் எண் 2021-36260, தீவிரத்தில் 10க்கு 9.8. கேமராக்கள் பலவற்றிலும் சில ரெக்கார்டர்களிலும் இருந்தது. பயனர் பெயரும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். அந்தப் போர்ட்டைத் தொட முடிந்தால் போதும், கருவி முழுவதும் தொட்டவர் கையில். அதே ஆண்டு டாஹுவா கருவிகளிலும் கடவுச்சொல்லைத் தாண்டிப் போகும் ஓட்டை வெளிவந்தது. இரண்டு நிறுவனங்களும் திருத்தம் வெளியிட்டன. மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பெட்டிக்கு அதை யார் போட்டார்கள்?

"எண்ணை மாற்றிவிட்டால் போதாதா? 80க்குப் பதில் 50080?" என்று அண்ணன் கேட்டார். எல்லோரும் கேட்பதுதான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஸீமேப் என்ற கருவி, ஒரு ஜிகாபிட் இணைப்பில், இணையத்தின் எல்லா ஐபிவி4 முகவரிகளிலும் ஒரு போர்ட்டை 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். ஒரு ஜிகாபிட் என்பது இன்று நம் வீட்டுச் சாதாரண இணைப்பு. எண்ணை மாற்றினால் தட்டுபவர்கள் குறைவார்கள், அவ்வளவே. ஷோடான் போன்ற தேடுபொறிகள் இப்படித் திறந்து கிடக்கும் கருவிகளைப் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன.

இது எங்கோ நடக்கிற கதையும் இல்லை. 2016 அக்டோபர் 22, 24 தேதிகளில், தீபாவளிக்கு முந்தைய வாரம், ஸ்டார்ஹப் வாடிக்கையாளர்கள் பலருக்கு இணையம் நின்றது. வாடிக்கையாளர்கள் தாங்களே வாங்கி மாட்டிய வெப்கேமரா, ரூட்டர் போன்ற கருவிகள் கைப்பற்றப்பட்டு, அவற்றிலிருந்தே தாக்குதல் வந்தது என்று நிறுவனம் விளக்கியது. 2020 அக்டோபரில் சிங்கப்பூர் வீடுகளின் கேமராப் பதிவுகள் ஆபாசத் தளங்களில் விற்பனைக்கு வந்த செய்தி பலருக்கு நினைவிருக்கும். கூடத்தில், படுக்கையறையில், குழந்தைகள் அறையில் எடுத்தவை. அண்ணன் வீட்டில் கேமராக்கள் எல்லாம் வெளியேதான். இருந்தாலும் யார் எப்போது கிளம்புகிறார்கள், எப்போது வீடு காலி என்பதை ஒருவன் உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாமே.

போர்ட் திறந்தே தீருவேன் என்பவருக்கு ஒன்றே ஒன்று: ரூட்டரில் யுபிஎன்பி என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் உள்ளே இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே தாங்களாகப் போர்ட்டைத் திறந்துகொள்ளும். நீங்கள் மூன்று திறந்ததாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், ஏழு திறந்திருக்கும்.

தயாரிப்பாளரின் செயலி வழி

க்யூஆர் குறியை ஸ்கேன் செய்தால் படம் வந்துவிடும் ரகம். ஹிக்விஷனின் ஹிக்கனெக்ட், டாஹுவாவின் டிஎம்எஸ்எஸ் போன்றவை. ரெக்கார்டர் தானாக வெளியே போய்த் தயாரிப்பாளரின் சர்வரில் கைகோத்துக்கொள்கிறது, கைப்பேசியும் அங்கேயே போய் அதைச் சந்திக்கிறது. ரூட்டரில் எதையும் திறக்க வேண்டாம். சிஜிநாட்டிலும் வேலை செய்யும். ஆள் நடமாட்டம் தெரிந்தால் கைப்பேசிக்கு உடனே தகவல் வரும். மற்ற வழிகளில் இது அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

இதன் விலை நம்பிக்கை. உங்கள் வாசலுக்கும் உங்களுக்கும் நடுவே ஒரு நிறுவனம் வந்து உட்காருகிறது. அதன் தவறு உங்கள் தவறாகும். 2021 ஆகஸ்டில் த்ரூடெக் நிறுவனத்தின் கலாய் என்ற இணைப்பு மென்பொருளில் ஓட்டை வெளிவந்தது. பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், அந்த மென்பொருள் 8.3 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளில் இருந்தது; வெவ்வேறு பிராண்டு ஒட்டிய கேமராக்களுக்குள் எல்லாம் அதே சரக்கு. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் வைஸ் நிறுவனக் கேமராக்களில் கோளாறு ஏற்பட்டு, சுமார் 13,000 பேருக்கு அடுத்தவர் வீட்டுப் படத்துண்டுகள் தெரிந்தன.

அப்படியிருந்தும் 2017இல் செய்தது போலப் போர்ட்டைத் திறப்பதைவிட இதுவே மேல் என்பது என் கணிப்பு. ஓட்டை வந்தால் சர்வர் பக்கத்தை அடைப்பது நிறுவனத்தின் வேலை, உங்கள் வேலையல்ல. கடவுச்சொல்லைப் புதிதாக வைத்து, படத்தை மறைகுறியாக்கும் சரிபார்ப்புக் குறியீட்டைப் போட்டு, இரண்டடுக்கு உறுதிப்பாடு இருந்தால் அதையும் இயக்கிவிட்டால் சாதாரண வீட்டுக்கு ஓடும். புதிதாகக் கேமரா வாங்குபவர்கள் சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பின் தரமுத்திரையைப் பெட்டியில் தேடுங்கள். 2020 அக்டோபரில் தொடங்கிய திட்டம் அது, நான்கு நிலைகள் உண்டு. இங்கே விற்கும் வைஃபை ரூட்டர்களுக்கு 2021 ஏப்ரலில் முதல் நிலையாவது கட்டாயமானது. கேமராவுக்கு அப்போது கட்டாயமாக்கவில்லை; இணையத்தில் வாங்கும் மலிவுச் சரக்கில் முத்திரை பெரும்பாலும் இருக்காது.

வி.பி.என். வழி

அண்ணன் வீட்டுக்கு நான் சொன்னது இதைத்தான். கைப்பேசிக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மூடிய குழாய். அதற்குள் நுழைந்துவிட்டால் கைப்பேசி வீட்டு வைஃபையில் இருப்பது போலத்தான். ரெக்கார்டரின் பழைய செயலியில் பழைய உள்முகவரியையே போட்டுப் பார்க்கலாம்.

இதில் இரண்டு வகை. ஒன்று, ரூட்டரிலேயே இருக்கும் வயர்கார்ட் என்ற வி.பி.என். மென்பொருள். ஏசஸ், டிபி-லிங்க் ரூட்டர்கள் பலவற்றில் இப்போது உண்டு. இதற்கும் ஒரு போர்ட் திறக்கத்தான் வேண்டும், வழக்கமாக 51820. ஆனால் முறையான சாவி இல்லாமல் தட்டினால் வயர்கார்ட் பதிலே சொல்லாது. போர்ட் போர்ட்டாகத் தட்டிப் பார்ப்பவனுக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. வெளியே முகம் காட்டுவது எட்டு வருடப் பழைய ரெக்கார்டர் இல்லை, இதற்கென்றே எழுதிய ஒரு சின்ன மென்பொருள். போர்ட் திறப்பது என்ற ஒரே செயலில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது என்பது அண்ணனுக்குப் பிடிபட கொஞ்ச நேரம் ஆனது.

இன்னொன்று டெயில்ஸ்கேல் போன்ற நிறுவனங்களின் வி.பி.என். சேவை. அடியில் அதே வயர்கார்ட்தான். சாவி பரிமாற்றத்தையும் வழி கண்டுபிடிப்பதையும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். போர்ட் திறக்க வேண்டியதில்லை, சிஜிநாட்டிலும் ஓடும், தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். எப்போதும் ஓடும் ஒரு சின்னக் கருவி வீட்டில் இருக்க வேண்டும்: ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, சினாலஜி சேமிப்புப் பெட்டி, ஏன், ஆப்பிள் டிவி கூடப் போதும். அது ரெக்கார்டர் இருக்கும் வலையமைப்புக்கு வழிகாட்டியாக நிற்கும்.

எனக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ஆனால் இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தேன், நீங்கள் விழ வேண்டாம். டெயில்ஸ்கேலில் ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டில் நிற்கும் பெட்டிக்கு அதை நிறுத்தி வைக்காவிட்டால், தஞ்சாவூரில் இருக்கும் நாளாகப் பார்த்துத்தான் அது தீரும். அடுத்தது, வீட்டு வலையமைப்பு 192.168.1 என்று இருந்து, தங்கும் இடத்து வைஃபையும் அதே 192.168.1 என்று இருந்தால் கைப்பேசி குழம்பிப்போகும். அங்கேயே ஏதோ பெட்டியைத் தேடிக்கொண்டிருக்கும். உலகத்தில் பாதி ரூட்டர் அந்த எண்ணில்தான் வருகிறது. கிளம்புவதற்கு முன் இங்கே 192.168.73 என்று எதையாவது மாற்றிக்கொண்டேன். மாற்றியதும் ரெக்கார்டர், பிரிண்டர் எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்து எழுப்ப வேண்டியிருந்தது.

சீனாவுக்கு வேலையாகப் போகிறவர்கள் கவனிக்க: வயர்கார்ட் அங்கே அடிக்கடி தடைபடும். அவர்களுக்குத் தயாரிப்பாளரின் செயலியே கைகொடுக்கும்.

யாருக்கு எது

அண்ணி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "தம்பி, எனக்கு ஒரு பொத்தானைத் தொட்டா வாசல் தெரியணும். வி.பி.என். போடு, அப்புறம் செயலியத் திற, அப்புறம் கேமராவத் தேடுன்னா நான் பாக்கவே மாட்டேன்."

அவர் சொல்வது சரி. கேமராவைத் தினமும் பார்ப்பவர் அண்ணன் இல்லை, அண்ணிதான். அதனால் அண்ணியின் கைப்பேசியில் டெயில்ஸ்கேலை எப்போதும் இயங்கும்படி விட்டுவிட்டோம். வீட்டு வலையமைப்புக்குப் போகிறது மட்டும் அதன் வழியே போகும், மற்றதெல்லாம் வழக்கம் போல. ஐபோனில் மின்கலம் கொஞ்சம் கூடுதலாகக் கரைகிறது, ஆனால் அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. ஆள் நடமாட்டத் தகவல் மட்டும் வராது. அது வேண்டுமா என்று கேட்டேன். "பூனை போனாலும் அடிக்கும், வேண்டாம்" என்றார்.

யீஷூனில் அம்மாவின் வீட்டில் தயாரிப்பாளரின் செயலிதான். தனியாக இருக்கிறார், அங்கே எனக்கு வேண்டியதே அந்தத் தகவல்தான். அம்மா வீட்டுக் கேமரா வீட்டுக்குள்ளிருந்து வாசல்கதவையும் தாழ்வாரத்தையும் பார்க்கிறது. 2023 மே முதல் இப்படி உள்ளே பொருத்துவதற்கு வீவகவிடம் (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அனுமதி கேட்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வெளியே பொருத்த நகர மன்றத்தின் அனுமதி வேண்டும். எப்படியிருந்தாலும் எதிர்வீட்டுக் கதவையும் சன்னலையும் நோக்கித் திருப்பி வைக்கக் கூடாது. எதிர்வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மா) படத்தை ஒருமுறை காட்டிவிட்டேன். பேச்சுக்கு இடமில்லாமல் போனது.

பொது முகவரி இருக்கிறது, வயர்கார்ட் உள்ள ரூட்டரும் இருக்கிறது, மூன்றாம் ஆள் யாரையும் நம்ப மனமில்லை என்றால் முதல் வகை வி.பி.என். உங்களுக்கு. வெறும் போர்ட் ஃபார்வர்டிங்கை நான் இப்போது யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

வேலையெல்லாம் முடிந்தபின், சும்மா பார்ப்போமே என்று முந்தைய வாரத்துப் பதிவை ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். எதுவும் இல்லை. அதற்கு முந்தைய வாரமும் இல்லை. ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. நேரலைப் படத்துக்கு டிஸ்க் தேவையில்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. பீப் சத்தம் போட்டிருக்கும். யாரோ அதை அணைத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை வழக்கு நடக்கிறது.

புதிது வாங்கும்போது கணக்குப் போட்டோம். ஒரு கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்றால் நான்குக்கு 16. நாளுக்குச் சுமார் 170 ஜிபி. பழையபடி 2 டிபி போட்டால் பதினோரு நாளில் முதல் நாள் பதிவு அழிந்துவிடும், பயணமோ இருபத்தாறு நாள். 4 டிபி வாங்கி, கேமராக்களை 3 எம்பிபிஎஸ் அளவுக்குக் குறைத்ததில் ஏறக்குறைய ஒரு மாதம் வருகிறது.